ஓர்க் தலைக்கு என்ன விலை?

1974-ல் ஒரு ஓர்க்கைக் கொன்றால் 100 அனுபவப் புள்ளி. 1975-ல் அதே ஓர்க்குக்கு 10. 1989-ல் 15. 2014-ல் மறுபடியும் 100. தக்காளி விலைகூட இப்படி ஏறி இறங்காது. (சரி, தக்காளி இறங்கும்.)

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் மான்ஸ்டர்களுக்கு லெவல் போட்ட கதைதான் இன்றைக்கு. கொஞ்சம் நீளம். ஆணி குறைவாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களில் பலருக்கு இந்தப் பேர் பழக்கமாகியிருக்கும். 2016-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் காட்சிகளில் நாலு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்துவார்களே, அதுதான். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். இன்னொருவர் கதை நடத்துவார், அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பேர். பாதாளத்துக்குள் இறங்கினால் எதிரில் என்ன வரும், வந்தது என்ன செய்யும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டை இல்லை, இருபது முகம் வைத்த பகடை. ஜெயிக்க ஜெயிக்கப் புள்ளி, புள்ளி சேரச் சேர லெவல். பரமபதத்தில் பாம்பு கடித்தால் கீழே வந்து மறுபடி ஏறலாம். இங்கே சின்ன லெவலில் செத்தால் அநேகமாகச் செத்ததுதான். எட்டு மாதமாக வளர்த்த ஆள் காகிதத்தோடு போய்விடுவான்.

புனேயில் எங்கள் சொசைட்டி கிளப் ஹவுசில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கோஷ்டி விளையாடுகிறது. என் பையன் அதில் மந்திரவாதி. கூட ஒரு மராத்திப் பையன், ஒரு பெங்காலிப் பெண், ஒரு மலையாளிப் பையன். நடத்துவது பி விங்கில் இருக்கும் கல்லூரிப் பெண். எல்லோரும் 3-ம் லெவலில் இருந்தபோது, ஒரு மழைக்காலச் சனிக்கிழமை, அவர்கள் எதிரே நாலு 'நிழல்' வந்தன. 2014-ல் வந்த புத்தகத்தின் கணக்குப்படி 3-ம் லெவல் ஆட்கள் நாலு பேருக்கு நாலு நிழல் என்பது 'மீடியம்'. ஆனால் நிழல் தொட்டால் உயிர்ப் புள்ளி போவதோடு உடல் பலமும் போகும், ஒவ்வொரு தொடலுக்கும் 1 முதல் 4 வரை. பலம் பூஜ்யமானால் சாவு, உயிர்ப் புள்ளி எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. எங்கள் மந்திரவாதிக்குப் பலம் 8. மூன்று தொடலில் ஆள் காலி.

சண்டை விளையாட்டோடு முடியவில்லை. வேண்டுமென்றே கொன்றாய் என்று இவன். புத்தகத்தில் மீடியம் என்றுதான் இருக்கிறது என்று அவள். மூன்று வாரம் ஆட்டம் இல்லை, லிஃப்டில் பார்த்தால் பேச்சும் இல்லை. ஊர் மாறி வந்து படாதபாடு பட்டு இவனுக்கு அமைந்த ஒரே கோஷ்டி அது. தங்கமணிக்கு ராத்திரி தூக்கம் போனது. நான் போய்ப் பழைய விதிப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். (பஞ்சாயத்து பண்ண வராத அப்பாக்கள் வேறென்ன செய்வோம்?)

அந்த 'மீடியம்' எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்தவர் கேரி கைகாக்ஸ். சிகாகோவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டர். 1970-ல் வேலை போய், ஷூ ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டினார். நானும் இன்ஷூரன்ஸ் மென்பொருளில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் பாசம் வந்துவிட்டது. வயது என்ன, தொழில் என்ன, வீடு எங்கே என்று அட்டவணை பார்த்து, ஒரு மனுஷனுக்கு எவ்வளவு ரிஸ்க் என்று எண் போடுவதுதான் அந்த வேலை. அதே கைதான் பிற்பாடு டிராகனுக்கும் எண் போட்டது.

1971-ல் கைகாக்சும் ஜெஃப் பெரனும் சேர்ந்து 'செயின்மெயில்' என்று பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார்கள். அதில் பின்னிணைப்பாகக் கற்பனை ஜீவன்களும் வருவார்கள். ஹீரோ என்பவன் நாலு சிப்பாய்க்குச் சமம், சூப்பர்ஹீரோ எட்டுச் சிப்பாய்க்குச் சமம். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் இந்த விதிகளையும் எடுத்து, படையை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பாத்திரமாகக் கோட்டைக்கு அடியில் இருக்கும் பாதாளத்துக்குள் இறக்கிவிட்டார். 1972 கடைசியில் லேக் ஜெனீவாவுக்கு வந்து ஆடியும் காட்டினார். இரண்டும் சேர்ந்து 1974-ல் மூன்று குட்டிப் புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தன. முதல் அச்சு 1000 பிரதி. அதில் 4-ம் லெவல் வீரனுக்குப் பட்டப்பேர் ஹீரோ, 8-ம் லெவலுக்கு சூப்பர்ஹீரோ. ஆக, லெவல் என்ற எண்ணின் ஆணிவேர் "எத்தனை சிப்பாய்க்குச் சமம்" என்பதுதான். மான்ஸ்டருக்கு இதே கணக்கை 'ஹிட் டைஸ்' என்றார்கள். உயிரைத் தீர்மானிக்க எத்தனை பகடை உருட்ட வேண்டும் என்ற எண்ணிக்கை.

இது வரைக்கும் குழப்பமே இல்லை. குழப்பம் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஆரம்பிக்கிறது.

மூன்றாவது புத்தகத்தில் மான்ஸ்டர்களை ஆறு லெவலாகப் பிரித்து ஆறு பட்டியல். பாதாளத்தில் எத்தனையாவது தளத்தில் நிற்கிறீர்களோ, அதைப் பார்த்துப் பகடை உருட்டி, எந்தப் பட்டியலிலிருந்து ஜந்து வரும் என்று முடிவு செய்வார்கள். மேல் தளத்தில் கோபால்ட், ஓர்க், பெரிய எலி. கீழே போகப் போக டிராகன், வாம்பயர். இங்கே லெவல் என்பது விலாசம். இந்த ஜந்து எந்த மாடியில் குடியிருக்கும், அவ்வளவுதான்.

முதல் புத்தகத்துக்குப் போனால் வேறு கதை. டிரோல் என்ற ராட்சசனுக்கு ஹிட் டைஸ் ஆறுக்குக் கொஞ்சம் மேலே, ஆகவே அது 7-ம் லெவல் மான்ஸ்டர் என்று ஒரு உதாரணக் கணக்கு. பட்டியலே ஆறோடு முடிகிறது, 7 எங்கிருந்து வந்தது சாமி? அந்த உதாரணம் கூலிக்கணக்குக்காகப் போட்டது. 8-ம் லெவல் மந்திரவாதி 7-ம் லெவல் ஜந்துவை அடித்தால் எட்டில் ஏழு பங்குதான் புள்ளி. பெரிய ஆள் சின்ன ஜந்துகளை அடித்து லெவல் ஏறக்கூடாது என்ற நல்ல எண்ணம். ஆக இங்கே லெவல் என்பது கூலி. ஒரே பெட்டி, ஒரே வார்த்தை, ஒரு புத்தகத்தில் விலாசம், இன்னொன்றில் கூலி.

அந்தப் பட்டியலில் 'தூல்' என்று ஒரு பேர் இருக்கிறது. விவரம் எங்கேயும் இல்லை. 'கூல்' என்ற பிணந்தின்னிப் பேயின் அச்சுப்பிழை என்பதுதான் பலரும் சொல்வது. ஆனால் 1981-ல் வந்த பேசிக் புத்தகத்தில் தூல் நிஜமாகவே ஒரு மான்ஸ்டராகிவிட்டது! பிணந்தின்னி, ஹாப்காப்ளின், டிரோல் மூன்றும் மந்திரத்தால் கலந்த ஜந்துவாம். அச்சுப்பிழைக்கு உயிர், பல், நகம் எல்லாம் வந்து, லெவலும் வந்தது. இதைவிட இந்த விளையாட்டின் குணத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை :-)

1974 பெட்டியில் ஹிட் டைஸ் ஒன்றுக்கு 100 புள்ளி. வீரன் 2-ம் லெவலுக்குப் போக 2000 புள்ளி வேண்டும். அதாவது இருபது ஓர்க். அடுத்த வருஷமே 'கிரேஹாக்' என்ற துணைப்புத்தகத்தில் (கைகாக்சும் ராபர்ட் குன்ட்சும் எழுதியது) பழைய விகிதம் அபத்தம் என்று தாங்களே திட்டிவிட்டு, ஓர்க்கை 10 புள்ளிக்கு இறக்கிவிட்டார்கள். இப்போது இருநூறு ஓர்க் வேண்டும்!

சும்மா கணக்குத் திருத்தம் என்று இதைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் காலத்தில் புதையலாகக் கிடைக்கும் தங்கக் காசு ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஓர்க்குக்கு 10 புள்ளி, அது காவல் காக்கும் பெட்டியில் 500 காசு என்றால் எவன் சண்டை போடுவான்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். புத்திசாலிகள் ஓர்க் தூங்கும் வரை காத்திருந்தார்கள், பேரம் பேசினார்கள், பின்வாசல் தேடினார்கள், வெறுமே ஓடினார்கள். ஒரு அட்டவணையில் ஒரு பூஜ்யம் குறைந்ததில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் நடத்தையே மாறியது. 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது காசுக்குப் புள்ளி என்பதை 'வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்' என்று ஓரங்கட்டினார்கள். கொலைக்குக் கூலி முன்னுக்கு வந்தது, ஆட்டமும் சண்டை ஆட்டமானது. எந்தப் பதிப்பில் பிள்ளைகள் பொறுமையாக யோசிப்பார்கள், எதில் கத்தியை உருவுவார்கள் என்பதை இந்தக் கூலிப்பட்டியல்தான் பெருமளவு முடிவு செய்தது என்பது என் கட்சி.

1977-ல் 'மான்ஸ்டர் மேனுவல்' வந்தது. கெட்டி அட்டை, நிறையப் படங்கள், விவரமோ விவரம். லெவல் மட்டும் இல்லை! 1978-ல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் கைகாக்ஸ் குழப்பத்தை ஒப்புக்கொள்கிறார். லெவல் என்ற ஒரே சொல் பாத்திரத்தின் வளர்ச்சி, மந்திரத்தின் கடினம், மான்ஸ்டரின் வலு, பாதாளத்தின் ஆழம் என்று நாலு வேலை செய்கிறது, தனித்தனிச் சொல் வைக்க முதலில் யோசித்தோம், ஆனால் எல்லோருக்கும் பழகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டோம் என்கிற மாதிரி ஒரு விளக்கம். பழகிவிட்டதாம். பழைய கோடில் மாறிப்போன வேரியபிள் பேரைத் திருத்தாமல் விட்டுவிட்டு கமென்ட் மட்டும் எழுதிவைத்த ஆட்களை எனக்குத் தெரியும், அவர்கள் சொல்வதும் இதேதான்.

தமிழில் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்று தோன்றுகிறது. வீரனுக்குப் படி, மந்திரத்துக்கு அடுக்கு, ஜந்துவுக்குத் தரம், பாதாளத்துக்குத் தளம். மூன்றாம் படி வீரன் ஐந்தாம் தளத்தில் நாலாம் தர ஜந்துவிடம் மாட்டினான் என்று சொன்னால் யாருக்குக் குழப்பம்? பையனிடம் இதைச் சொன்னேன். "நல்லா இருக்குப்பா, ஆனா நான் தமிழ்ல சொன்னா அந்த மராத்திப் பையனுக்குப் புரியாதே" என்றான். நியாயம்தான்.

1979-ல் டன்ஜன் மாஸ்டருக்கான புத்தகத்தில் லெவல் திரும்பி வந்தது, இந்த முறை ரோமன் எண்களில் 1 முதல் 10 வரை. இங்கே ஒரு தலைகீழ் வேலை நடந்திருக்கிறது. 1974-ல் லெவலைப் பார்த்துக் கூலி. 1979-ல் கூலியைப் பார்த்து லெவல்: ஒரு ஜந்துவுக்கு 20 புள்ளி வரை என்றால் முதல் லெவல், 10,000-க்கு மேலே என்றால் பத்தாவது. புள்ளியில் விஷம், மந்திரம் மாதிரி விசேஷ சக்திகளுக்கும் தனியாகக் கூட்டிக்கொண்டார்கள் என்பதால், இது முன்னதைவிட மேல். ஆனால் எந்தச் சக்திக்கு எவ்வளவு என்பது கடைசியில் கைக்கணக்குதான்.

இந்த இடைவெளியில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகர நூலகர் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-லேயே 'டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' என்று போட்டி விளையாட்டு எழுதி, மான்ஸ்டருக்கு ஒரே ஒரு எண் போதும் என்றார். அந்த எண்ணே உயிர், அந்த எண்ணிலிருந்தே அடி. காயம் பட எண் குறையும், அடியும் குறையும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் 1977-ல் ஆரம்பித்த 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகையில் டான் டர்ன்புல் வேறு வழியில் போனார். சராசரி வீரன் ஒருவன் இந்த ஜந்துவைக் கொல்ல எத்தனை சுற்று ஆகும்? அதற்குள் அது அவனுக்கு எவ்வளவு அடி கொடுத்திருக்கும்? பெருக்கிப் பார், அதுதான் அதன் தகுதி. 'மான்ஸ்டர்மார்க்' என்று பேர் வைத்தார். சுத்தமான இன்ஷூரன்ஸ் புத்தி, எதிர்பார்க்கும் நஷ்டம் என்று நாங்கள் ஆபீசில் போடும் கணக்கின் தம்பி. ஆனால் கல்லாக்கும் பார்வை, பலத்தை உறிஞ்சும் தொடல் என்று வரும்போது அவரும் ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு என்று உத்தேசமாகத்தான் பெருக்க வேண்டியிருந்தது. எங்கள் நிழல் அப்போதே கணக்குக்கு வெளியேதான் நின்றது.

1987 நவம்பரில் 'டிராகன்' பத்திரிகையில் அதன் ஆசிரியர் ரோஜர் மூர் எழுதிய ஒரு பக்கத்தை இந்த விளையாட்டுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்தில் கோபால்ட்கள். இருப்பதிலேயே அடிமட்ட ஜந்து, ஒரு ஹிட் டைஸ்கூட முழுசாக இல்லாதது. அவை 6 முதல் 12 லெவல் வரை இருந்த ஆட்களை ஓட ஓட விரட்டின. குறுகலான சுரங்கம், நெருப்பு, மேலேயிருந்து அம்பு, முன்னாலும் பின்னாலும் கதவடைப்பு. கோபால்ட்டின் எண் ஒன்றும் மாறவில்லை. இருந்த இடமும் இருந்த விதமும்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றால் இதுதான்.

2000-ல் மூன்றாம் பதிப்பு. கம்பெனி கை மாறி விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நடத்தியது. 'சேலஞ்ச் ரேட்டிங்' என்று புது எண். அந்த லெவல் ஆட்கள் நாலு பேர் மோதினால் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகும் என்பது அதன் அர்த்தம். இங்கேதான் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். விலாசம் போய், கூலி போய், லெவல் ஒரு வாக்குறுதியானது. பழைய பாதாளத்தில் எவ்வளவு ஆழம் இறங்குவது என்பது ஆடுகிறவர்கள் முடிவு. செத்தால் அவர்கள் பேராசை. இப்போது நடத்துகிறவர் உங்கள் லெவல் பார்த்து அளந்து வைக்கிறார், செத்தால் அவர் குற்றம். பி விங் பெண் மேல் விழுந்த பழியின் மூலம் இங்கே இருக்கிறது.

வாக்குறுதியும் சீராக இல்லை. ஓகர் என்ற தடியனுக்கு 2000-ல் ரேட்டிங் 2, 2003 திருத்தப் பதிப்பில் 3. ஹிட் டைஸ் 4. அதையே நீங்கள் பாத்திரமாக எடுத்து ஆடினால் 6-ம் லெவலுக்குச் சமம். ஒரே தடியன், மூன்று எண். இன்னொரு பக்கம், சாதாரணக் குடியானவன் ஒருவனை வீட்டுப் பூனை பிறாண்டியே கொன்றுவிடும் என்பது அந்தப் பதிப்பின் நிரந்தர ஜோக். (முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் எனக்குச் சம்பளத்துக்கு ஒரு லெவல், விசிட்டிங் கார்டுக்கு ஒரு லெவல், விமான டிக்கெட்டுக்கு ஒரு லெவல் இருந்தது. ஓகரின் வலி எனக்குப் புரியும்.)

2008-ல் நான்காம் பதிப்பு கணக்கை ஓரளவு உண்மையிலேயே சரி செய்தது. மான்ஸ்டருக்கும் ஆளுக்கும் ஒரே அளவுகோல், ஐந்து பேருக்கு அதே லெவலில் ஐந்து ஜந்து. அதற்குள்ளும் 'மினியன்' என்று ஒரு வகை: 9-ம் லெவல் ஓர்க் சிப்பாய் ஒரே அடியில் சாவான், 3-ம் லெவல் ஓர்க் பல அடி தாங்குவான். கணக்கு சரியாக வந்தது, ஆனால் இது எங்கள் விளையாட்டே இல்லை என்று ஒரு பெருங்கூட்டம் கிளம்பி 'பாத்ஃபைண்டர்' பக்கம் போனது. வேடிக்கை என்னவென்றால், 2019-ல் பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பும் எல்லா எண்ணிலும் லெவலைக் கூட்டி, ஏறக்குறைய அதே கச்சிதத்துக்கு வந்து சேர்ந்தது.

2014-ன் ஐந்தாம் பதிப்பு மறுபடி சேலஞ்ச் ரேட்டிங்குக்குத் திரும்பியது. ஓர்க் மறுபடி 100 புள்ளி. ரேட்டிங்கை எப்படிக் கணக்கிடுவது என்று அட்டவணையே கொடுத்தார்கள். உயிர்ப் புள்ளியும் கொடுக்கும் அடியும்தான் அதில் முக்கியம். நிழலுக்கு உயிர் 16, அடியும் சுமார், ஆகவே ரேட்டிங் அரை. பலம் உறிஞ்சிக் கொல்வது அந்த அரைக்குள் அடங்கவில்லை. ஜந்துகள் கூட்டமாக வந்தால் புள்ளியை ஒன்றரை, இரண்டு என்று பெருக்கும் விதியும் இருந்தது. 2024-ல் அதை எடுத்துவிட்டார்கள், கணக்கு அட்டவணையையும் சேர்த்து.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "அங்கிள், அப்ப மீடியம்னு போட்டது பலம் 16 இருக்கிற வீரனுக்கு சரி, 8 இருக்கிறவனுக்கு இல்ல" என்றாள். நான் ஆறு பக்கத்தில் எழுதியது ஒரு வரியில் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு புது விதி சொன்னாளாம்: இனி நான் அளந்து வைக்க மாட்டேன், ஆனால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று மோப்பம் பிடிக்க வழி வைப்பேன், உள்ளே போவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. 1974-ஐ அவள் படித்ததில்லை. பையன் இப்போது திருடன், மந்திரவாதி போய்விட்டான். கதவைத் திறக்கும் முன் கால்மணி நேரம் காது வைத்துக் கேட்கிறார்கள்.

ஓர்க் விஷயத்துக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் வந்த புது மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க்குக்குப் பக்கமே இல்லை. 2024-லிருந்து ஓர்க் நாம் எடுத்து ஆடக்கூடிய இனங்களில் ஒன்று. மனிதன், குள்ளன் மாதிரி அவனும் ஒரு பாத்திரம். எதிரியாக வேண்டுமென்றால் எந்த இனத்துக்கும் பொதுவான அடியாள், போர்வீரன் பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர்க் என்பதற்காகத் தனி விலை கிடையாது.

பி.கு.: வீட்டில் பிள்ளைகள் கேட்டால் உடனே மூன்று கெட்டி அட்டைப் புத்தகம் வாங்கிவிடாதீர்கள். 2014 பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். பகடைதான் வாங்க வேண்டும், அதில் ஒன்றிரண்டு எப்படியும் சோபாவுக்கு அடியில் போகும்.